நாயோடு சேர்ந்து நானும் கத்தினது

பொண்டாட்டி பிரசவத்துக்கு அருவங்காட்டுல அவ அம்மா ஊட்டுக்குப் போனவ. குழந்தை பொறந்து ஆறு மாசம் ஓடிருச்சு, இன்னும் திரும்பலை. மூணாம் மாசமே வந்திருக்கணும். போன் பண்ணிக் கேட்டா, நம்மூட்டு நாய் சத்தம் அடங்கட்டும், அப்பறம் பாக்கலாம்னு ஒரே பேச்சு. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். ஒரு நாய்க்காக எம்புள்ளைய நான் விருந்தாளியாப் போயிப் பாத்துட்டு வரணுமா?

நாய் மேலயும் தப்புச் சொல்ல முடியாது. எங்க எஸ்டேட் லயன் ஊடு குன்னூருக்குக் கீழ, தேயிலைக்கு நடுவுல. காட்டெருமை வாசல் வரைக்கும் வரும், எண்ணெய் குடிக்கறதுக்காகக் கரடி சமையக்கட்டுக் கதவை ஒடைக்கும். அதனால நாய் கொரைச்சா நாங்க தட்டும் கரண்டியுமா வெளிய ஓடி, டங்கு டங்குனு தட்டி, தொண்டை கிழியக் கத்துவோம். பழகிப்போச்சு. போஸ்ட்மேன் வந்தாலும் அதே தட்டு, அதே கத்தல்.

நாய்க்கு ஊசி போடப் போனப்ப கால்நடை டாக்டரம்மாகிட்டக் கொறை சொன்னேன். அது கொரைக்கறப்ப நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. பெருமையாச் சொன்னேன். அந்தம்மா சிரிக்கக்கூட இல்லை.

"நீங்களும் பயந்துட்டீங்கன்னுதான் அது நெனைக்குது. ஊட்டுல ஒருத்தருக்கும் தைரியமில்லைன்னா அது என்னங்க பண்ணும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. காவலுக்கு வெச்ச நாய்க்கு இத்தனை வருசமா நாந்தான் பயங்காட்டிட்டு இருந்தேனா!

அவங்க சொன்னபடி செஞ்சேன். கொரைச்சா மெதுவா வெளிய போயி, நாய்க்கு முன்னால நின்னு, என்னன்னு பாத்துட்டு, "சரி, நான் பாத்துக்கறேன்"னு தணிஞ்ச குரல்ல சொல்லணும். அது உக்காந்தா ஒரு துண்டு வர்க்கி பிஸ்கட்டு குடுக்கணும். தட்டைத் தொடவே கூடாது. மொதல் வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். கத்தாம நிக்கறது எத்தனை பெரிய வேலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ரெண்டு மாசம் போச்சு. ஒருநாள் போஸ்ட்மேன் வாசல்ல நிக்கறாரு, நாய் ரெண்டு தடவை கொரைச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துட்டுப் படுத்துக்கிச்சு. அந்த ஆளு லெட்டரக் குடுக்கவே மறந்துட்டாரு.

மறுதடவை அவரு வந்தப்ப அதை வீடியோ எடுத்துப் பொண்டாட்டிக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயித்துக்கிழமை புள்ளையோட வந்து எறங்கினா. நாய் ஒரு தடவை கொரைச்சுது. நான் போயி நின்னு சொன்னேன், உக்காந்துக்கிச்சு.

"பாத்தியா? போயும் போயும் ஒரு நாய்க்காக எட்டு மாசமா..."ன்னு ஆரம்பிச்சேன்.

அவ நாயைப் பாக்கவே இல்லை. என்னையேதான் பாத்துட்டிருந்தா.

"நாய்க்குப் பயந்து நான் வராம இருக்கலீங்க. அது கத்தி முடிச்சுரும். அதுக்கப்பறமும் நீங்க கத்திட்டே இருப்பீங்க. அதை உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

கொழம்புல உப்புக் கொறைஞ்சதுக்கு, சட்டையில பட்டன் போனதுக்கு நான் போட்ட சத்தமெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. அப்பெல்லாம் அவ ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போயிருவா. தண்ணி புடிக்கப் போறான்னுதான் நான் நெனைச்சிருக்கேன்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். நாய் காதைத் தூக்கி என்னைப் பாத்துச்சு. வாயை மூடிக்கிட்டுக் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் புள்ளையக் குடுத்தா.