அவள் முடிக்காத மெத்தட்

கணினி நிரலில் டிக்‌ஷனரி என்று ஒன்று உண்டு. ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும். அதில் நாலு வரி எழுதிச் செய்கிற வேலையை ஒரே வரியில் முடிக்கும் மெத்தட் என்கிற நிரல்துண்டுகளை நானும் என் தோழியும் எழுதி, லைப்ரரி என்கிற ஒரு தொகுப்பாக இணையத்தில் இலவசமாகப் போட்டோம். தேனியில் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலம். எங்கெங்கோ இருப்பவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். எங்களுக்கு வேறு பெருமை கிடையாது.

அவளைக் கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே போயும் ஒரு மெத்தட் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு டிக்‌ஷனரிகளைச் சேர்க்கும்போது ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால், முதல் மதிப்பு சத்தமில்லாமல் போய்விடும். அப்படிப் போகவிடாமல், எது வேண்டும் என்று கேட்டுச் சேர்ப்பது அவள் யோசனை. டிக்‌ஷனரிக்குள் இன்னொரு டிக்‌ஷனரி இருந்தால் மட்டும் தப்பாக வந்தது. மற்றதெல்லாம் முடிந்திருந்தது.

அவள் மாமனார் கேட்டிருக்கிறார்: "எந்தக் கம்பெனி ஆத்தா? சம்பளம் எம்புட்டு?"

"சம்பளம் இல்ல மாமா."

"கூலி இல்லாம எவனாச்சும் வேல பாப்பானா? யாருகூட எழுதிக்கிட்டிருக்க, அதச் சொல்லு."

லேப்டாப் பீரோவுக்குள் போனது. சாவி மாமியாரிடம். சம்பளம் என்று ஏதாவது வந்திருந்தால் அதே ஆட்கள் மேசை நாற்காலி வாங்கிப் போட்டிருப்பார்கள்.

எழுதிய வரை எனக்கு அனுப்பியிருந்தாள். மிச்சத்தை நான் முடித்திருக்கலாம். தொடவில்லை. அது அவளுடையது.

போன மாதம் லைப்ரரியைப் பயன்படுத்தும் முகம் தெரியாத ஒருவர் அதே வேலையைச் செய்யும் மெத்தட்டை முழுதாக எழுதி, அதில் சேர்க்கச் சொல்லி அனுப்பினார். தப்புக் கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளுக்குப் போன் போட்டேன்.

"ஒனக்கு ஒரு எடம்தான்டி பாக்கி. வாயால சொல்லு, நான் டைப் பண்றேன்."

பின்னால் குக்கர் சத்தம். "மறந்துபோச்சுடி."

"பொய் சொல்லாத எரும."

சிரித்தாள். "அந்த ஆளு எழுதுனதையே போட்டுரு. நல்லாத்தான இருக்கு? இதுக்குப் போயி கூப்புடுவியா?"

"ஒன் பேரையும் சேத்துப் போடுறேன்."

"வேணாம்டி." குரல் இறங்கியது. "இருக்குறதையும் எடுத்துரு. இவுக என் பேரப் போட்டு நெட்டுல தேடிப் பாக்குறாக."

அந்த ஆளின் மெத்தட்டைச் சேர்த்தேன். நன்றி என்று எழுதினேன். அவர் என்ன பாவம் செய்தார்? பிறகு லைப்ரரியின் முதல் பக்கத்துக்குப் போனேன். எழுதியவர்கள் என்ற இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயர் இருந்தது. அவளுடையதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.