பன்னிரண்டு மைல் முட்டை

வெண்டல் டாட்ரோ ஊரை விட்டுப் போனது மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அன்று எல்லா ஊர்களிலும் ஊர்க்கூட்டம். பனி தள்ளும் வண்டியைப் புதிதாக வாங்குவதா, பழையதையே ஒட்டுப்போடுவதா என்று ஊரே மண்டபத்தில் உட்கார்ந்து கை தூக்கிக்கொண்டிருக்கும். வழியனுப்ப ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றுதான் வெண்டல் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். கூட்டத்துக்கு முன்னால் எல்லோரும் லோர்னாவின் கடையில்தான் காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. அவரும் அங்கேதான் சாப்பிட்டார்.

லோர்னா ப்ரூயிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கிறாள். கண்ணாடி ஜன்னலில் அவள் கையாலேயே எழுதியது: 'இங்கே பரிமாறுவது எல்லாம் பன்னிரண்டு மைலுக்குள் விளைந்தது. காபி தவிர.' உள்ளே ஒரு கரும்பலகையில் எது யார் பண்ணையிலிருந்து வந்தது என்று இருக்கும். பன்றிக்கறி – ஹ்யூபர்ட். முட்டை – வெண்டல். ஒருமுறை வெளியூர்க்காரி ஒருத்தி, ஹ்யூபர்ட் என்பது என்ன வகைப் பன்றி என்று கேட்டாள். அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர் என்று லோர்னா சொன்னாள்.

ஜன்னல் எழுத்து அவளுக்கு விளையாட்டு இல்லை. உருளைக்கிழங்கு போட்டவர் நிலத்தை விற்றபோது பத்து வாரம் தட்டில் கிழங்கே வரவில்லை. ஊர் டர்னிப் சாப்பிட்டது. திட்டிக்கொண்டே சாப்பிட்டது.

வெண்டல் தன் முட்டையிலேயே இரண்டைச் சாப்பிட்டுக்கொண்டு விவரம் சொன்னார். அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போகிறார். நூற்றைம்பது கோழிகளையும் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அண்ணன் மகள் பெவ்வுக்குக் கொடுத்துவிட்டார். அரிசோனா எத்தனை மைல் என்று ஏர்னி லாவல்லி கேட்டான். அவன் ஊரின் சாலைப் பணிக்குப் பொறுப்பாளன், தூரம் என்றால் விடமாட்டான்.

"தெரியலை. வீட்டு வாசல்லேயே வண்டியோட மைல் மீட்டரைச் சைபர் ஆக்கிட்டுத்தான் கிளம்பினேன்."

"இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?"

வெண்டல் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "பார்க்கலை," என்றார்.

பிறகு லோர்னாவிடம் கை குலுக்கினார். கடை திறந்த வருடம் அவள் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி, பண்ணை எவ்வளவு தூரம் என்று. பத்து மைல் இருக்கும் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இருவரும் முட்டையைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.

அவர் போன மறுநாளே சிக்கல் வந்தது. பெவ்வின் பண்ணை சாலை வழியாகப் பதினான்கு மைல். ஏர்னி வண்டியில் போய் அளந்துவந்து சொன்னான். காக்கா ஏரிக்கு மேலே நேராகப் பறக்கிற கணக்கில் எட்டுதான் என்றும் சொன்னான்.

"காக்கா கொண்டுவந்தா காக்கா கணக்கு போட்டுக்கலாம்," என்றாள் லோர்னா.

ஆனால் ஏரி உறைந்திருந்தது. பனிக்கட்டியின் மேலேயே ஓட்டி வந்தால் எட்டரை மைல். பெவ் அப்படியே வந்தாள். மார்ச் கடைசிவரை லாரி, பனி மெலிந்தபின் எடை குறைந்த பனிச்சறுக்கு வண்டி. ஏப்ரல் நான்காம் தேதி பனி இளகிவிட்டது. வண்டியும் போகாது, படகும் போகாது. லோர்னா பலகையில் 'முட்டை – இல்லை' என்று எழுதினாள். முட்டை அடித்து ஊற்றிச் சுடும் பேன்கேக்கும் அதோடு போயிற்று.

ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்த ஏரி நடுவில் ஒரு சிமென்ட் கட்டையைக் கொடி நட்டு வைப்பார்கள். பனி உடைந்து அது எந்த நாள், எத்தனை மணிக்கு மூழ்கும் என்று சரியாகச் சொல்பவருக்கு ஹ்யூபர்ட் ஒரு பன்றித்தொடை தருவார். மற்ற வருடங்களில் ஆளுக்கொரு தேதி சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். இந்த வருடம் காலையில் கதவைத் திறந்ததும் கட்டை நிற்கிறதா என்றுதான் கேட்டார்கள். நின்றது. ஓட்ஸ் கஞ்சி குடித்தார்கள். ஒரு வாரத்தில் கஞ்சி குடிக்க வருகிறவர்களும் பாதியானார்கள்.

ஏர்னி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான்.

"நெடுஞ்சாலைக் கடையில முட்டை எப்படி இருந்துச்சு?" என்றாள் லோர்னா.

"மஞ்சளா இருந்துச்சு."

அவள் கஞ்சியை வைத்தாள். அவன் கொஞ்ச நேரம் அதைக் கிளறினான். "ஜன்னல்ல பன்னிரண்டைச் சுரண்டிட்டுப் பதினாலுன்னு எழுதிடு, லோர்னா. ஒருத்தரும் கேட்கமாட்டாங்க."

"இந்த வருஷம் பதினாலு. அடுத்த வருஷம் ஆயிரம் மைல் தள்ளி அயோவா."

ஆனாலும் முட்டை நின்ற பத்தாம் நாள் காலை, கடையில் இரண்டே பேர் இருந்தபோது, அவள் சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த காக்கா எச்சத்தைச் சுரண்டிவிட்டு உள்ளே வந்தாள். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எழுத்தைச் சுரண்டினால் இது இன்னொரு நெடுஞ்சாலைக் கடை என்பதும் தெரியும்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கட்டை மூழ்கியது. தேவாலய மணியை யாரோ அடித்தார்கள். அது தப்பு என்று பாதிரியார் பிறகு சொன்னார்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் பெவ் துடுப்புப் படகில் வந்து இறங்கினாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள். மிதவைச் சட்டையை முட்டைப் பெட்டிக்குப் போட்டிருந்தாள்.

"நீ போட்டுக்கக் கூடாதா?" என்றாள் லோர்னா.

"எனக்கு நீந்தத் தெரியும்ங்க. அதுக்குத் தெரியாது."

பலகையில் 'முட்டை – பெவ்' என்று ஏறியது. ஏர்னி நான்கு முட்டை சாப்பிட்டான். அன்றுமுதல் பெவ் தினமும் துடுப்புப் போட்டாள். கடை நிறைந்தது. வெளியூர்க்காரர்கள் படகைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நவம்பரில், ஏரி ஓரங்களில் மறுபடி பனி கட்டத் தொடங்கிய வாரத்தில், கள்ளிச்செடிப் படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. கடையில் ஆள் நிறைந்திருந்தபோது லோர்னா அதை அடுப்புப் பக்கம் திரும்பி நின்று படித்தாள்.

'லோர்னா, இங்கே வெயில். ஏர்னிகிட்ட சொல்லு, மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்றி எண்பது மைல். என் வீட்டிலேருந்து உன் கடை வாசல்ல வந்து நிறுத்தினப்போ பன்னிரண்டு புள்ளி நாலு, பார்க்கலைன்னு சொன்னது பொய். ஆனா கடை திறந்தப்போ பத்துன்னு சொன்னது நம்பித்தான் சொன்னேன். பெவ் ஏரியில துடுப்புப் போடுறதா கேள்விப்பட்டேன். இங்கே முட்டை எங்கேயிருந்து வருதுன்னு கேட்டா யாருக்கும் தெரியலை. வெண்டல்.'