பிரான்ஸ் தூள் போட்ட பாண்

சுபஹுத் தொழுகை முடிந்து வந்து மாவுக்குள் கையை விடும் நேரத்தில் எனக்கு எப்போதும் அரைத்தூக்கம்தான். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உப்பையும் காயப்போட்ட நெத்தலியின் மணத்தையும் காற்று கொண்டுவந்து குசினி யன்னலுக்குள் விட்டுவிட்டுப் போகும். நான் போத்தல் மூடியைத் திறப்பேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குசினி கல்முனையிலும் இருக்காது, டோஹாவிலும் இருக்காது. நான் கண்ணால் கண்டிராத ஏதோ ஒரு மலைச்சரிவில், ஊதாப் பூக்களுக்கு நடுவில் போய் நிற்கும்.

அந்தப் போத்தலில் இருந்தது பிரான்சு நாட்டின் தெற்குப் பக்கத்தார் சமையலுக்குப் போடுகிற காய்ந்த இலைக் கலவை. தைம், ரோஸ்மேரி, ஒரிகானோ, கூடவே கொஞ்சம் லாவெண்டர் பூ. டோஹாவில் ஒரு ஹோட்டலின் பேக்கரியில் பாண் சுடுகிற வேலை பார்த்த காலம் முழுக்க நான் அதோடுதான் கிடந்தேன். அங்கே எங்களுக்கு மேலே இருந்த பிரெஞ்சுக்காரர் பொல்லாத கோபக்காரர். ஆனால் அந்தக் கலவையை உள்ளங்கையில் போட்டுக் கசக்கி முகர்ந்தால் மனிதர் கண்ணை மூடிக்கொள்வார். ‘ஆள் ஊருக்குப் போயிட்டார்’ என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். லீவு கேட்பதற்கு அதுதான் தோதான நேரம்.

லீவில் வரும்போதெல்லாம் பெட்டிக்குள் ஒரு போத்தல் வைத்துக்கொண்டு வருவேன். பெட்டியைத் திறந்ததும் சொக்கலேட், சவர்க்காரம், பால்மா எல்லாவற்றிலும் அந்த மணம் ஏறியிருக்கும். வீட்டில் அதற்கு வைத்த பெயர் பிரான்ஸ் தூள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பது. வீடு மனைவியுடையது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு அவளுடைய அக்காவுடையது. ஆக, நான் ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்த ஆள். அதற்கு மேலே வெளிநாட்டுக்காரன் என்ற பட்டமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? எனக்கு நல்ல கோப்பை, நல்ல கதிரை, கோழிக்கறியில் பெரிய துண்டு. நான் என்ன சொன்னாலும் யாரும் மறுத்துக் கதைப்பதில்லை. சொந்த வீட்டில் விருந்தாளியாக இருந்து இருந்து எனக்கு வெறுத்தே போய்விட்டது.

போன முறை லீவில் வந்தபோது, திரும்பிப் போகாமல் இங்கேயே பாண் சுட்டு விற்றுக்கொண்டு இருந்துவிடலாமா என்ற ஆசை தலைக்குள் ஏறியிருந்தது. ஹோட்டலுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். “உங்கட விருப்பம்” என்று சொல்லிவிட்டு அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி மட்டும் கொஞ்ச நேரம் நின்றதைக் கண்டேன்.

என்னைக் குழப்பியது மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்தச் சின்னது, போனில் என்னோடு வாய் ஓயாமல் கதைக்கும். பள்ளிக்கூடத்துப் பூனை குட்டி போட்ட கதையை ஒரு கிழமையாகச் சொன்ன பிள்ளை அது. நேரில் வந்தாலோ திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்கும். கூப்பிட்டால் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். எனக்கு உள்ளுக்குள் நோகும். என் மகள் நான் சுட்ட பாணில் ஒரு துண்டை என் கையால் வாங்கித் தின்றால் நான் போகமாட்டேன் என்று யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டேன். தின்னாவிட்டால், இவளுக்குப் போனுக்குள் இருக்கிற வாப்பாவே போதும்.

ஆகவே நான் பாண் சுட்டேன். கேக் சுடுகிற கரண்ட் அடுப்பில், ஹோட்டலில் பெரிய ஆட்களுக்குச் சுட்டதைவிடப் பக்குவமாகச் சுட்டேன். காய்ந்த இலையை அப்படியே மாவில் கொட்டினால் வைக்கோல் மாதிரிப் பல்லுக்குள் நிற்கும். எண்ணெயை இளஞ்சூடாக்கி அதில் ஊறவிட்டால்தான் இலை மறுபடியும் உயிர் பெறும். அந்த எண்ணெயை மாவோடு சேர்த்துப் பிசைந்து, ஈரத் துணியால் மூடி வைத்துவிட்டு, மாவு எழும்பும்வரை வாசல்படியில் குந்தியிருப்பேன். விடிகிற வெளிச்சம் மெல்ல மெல்ல வெள்ளையாகும். கரைவலை இழுக்கிறவர்களின் சத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். பாணின் மணம் எழும்பும்போது அது என் கைகளிலிருந்து வருவதா, போன வருஷங்களிலிருந்து வருவதா என்று எனக்கே விளங்காது.

பாணில் பூசுவதற்கு எருமைத் தயிர். சட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால் காலையில் தண்ணீர் எல்லாம் வடிந்து கெட்டியாக நிற்கும். அதோடு உப்பு, நசுக்கிய உள்ளி ஒரு பல்லு, பிரான்ஸ் தூள் ஒரு சிட்டிகை. பிரெஞ்சுக்காரர் கண்டிருந்தால் எருமையையே விலைக்குக் கேட்டிருப்பார். மனைவி தின்றாள். அக்கா வேலிக்கு மேலால் வாங்கித் தின்றாள். மகள் மட்டும் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்து, பாணில் ஒட்டியிருந்த ஒவ்வொரு இலைத் துணுக்கையும் நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். எடுத்து முடிந்ததும் பாணைத் தள்ளிவிட்டு, கையைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள். தயிரைத் தொடவே இல்லை.

நாளாக நாளாக நான் தூளைக் குறைத்தேன். சீனி கொஞ்சம் கூட்டினேன். பெரிய பாணை விட்டுவிட்டு வணிஸ் மாதிரிச் சின்னச் சின்னதாகச் செய்தேன். அவள் கிள்ளுவதை விடவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிடும்.

“இது புல்லு இல்ல மகள், திண்டு பாருங்க” என்றேன் ஒரு நாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் நான் போத்தலைத் திறக்கிற நேரமெல்லாம், எங்கிருந்தாலும் குசினி வாசலுக்கு வந்து நிற்பாள். கரண்டியில் எவ்வளவு எடுக்கிறேன் என்று பார்ப்பாள். அதைக் கண்டு எனக்குக் கொஞ்சம் மனம் குளிர்ந்தது. வாப்பாவின் வேலையில் பிள்ளைக்கு ஒரு விருப்பம் இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அது ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம். விடிந்தால் வெள்ளி என்கிற இரவுக்கு வீடெல்லாம் சாம்பிராணி பிடிப்பது இங்கே வழக்கம். அன்று மனைவிக்குக் காய்ச்சலாக இருந்ததால், அக்காதான் தணற்சட்டியோடு வந்தாள். நான் கடற்கரைக்குப் போய்த் திரும்பி வருகிறேன், வீட்டுக்கு வருகிற ஒழுங்கைக்குள்ளேயே தைம் மணக்கிறது. ரோஸ்மேரி மணக்கிறது. வீட்டுக்குள் நீலப் புகை. நுளம்பு வலையின் மேலே, தொழுகைப் பாய்களின் மேலே, காயப்போட்டிருந்த மகளின் வெள்ளைச் சட்டையின் மேலே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மலைச்சரிவு முழுதாக எங்கள் வீட்டுக்குள் வந்து இறங்கியிருந்தது. நான் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கோபமே வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

வளைகுடாவிலிருந்து வருகிற எவனும் வீட்டுக்குப் புகைக்கிற வாசனைச் சாமான் கொண்டுவராமல் வருவதில்லை. டோஹாவிலிருந்து வந்த போத்தல், திறந்தால் பூ மணக்கிறது, பிறகென்ன? அக்கா மிச்சமிருந்த தூள் முழுவதையும் தணலில் கொட்டியிருந்தாள்.

“நல்ல சாமான்தான் மச்சான்” என்றாள், சட்டியை ஆட்டிக்கொண்டே. “ஆனா கொஞ்சம் கோழி பொரிக்கிற மணமும் அடிக்கிது.”

மனைவி கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். காய்ச்சலோடு சிரித்ததில் இருமல் வந்தது. அது பாணுக்குப் போடுகிற தூள் என்று அவள் சொல்ல, அக்கா வாயில் கை வைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். மூன்று பேரும் அந்தப் புகைக்குள் ஒன்றாகச் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் மகள் குர்ஆன் மத்ரஸா விட்டு வந்தாள். படியில் நின்று மணத்தைப் பிடித்தாள். கண் நேரே போத்தலுக்குப் போனது.

“முடிஞ்சிட்டா?” என்று கேட்டாள்.

“ஓங்கா, பெரியும்மா எல்லாத்தையும் நெருப்பில போட்டுட்டன்” என்றாள் அக்கா, இன்னும் சிரிப்பு அடங்காமல்.

மகளின் முகம் ஒரு நொடியில் வாடிப்போனது. தலையில் போட்டிருந்த முந்தானையைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சொக்கலேட் டின். நேரே என்னிடம் வந்து, மூடியைத் திறந்து நீட்டினாள். உள்ளே காய்ந்த இலைத் துணுக்குகள். பாண் தூள் ஒட்டிய தைம், எண்ணெய் காய்ந்த ரோஸ்மேரி, ஒன்றிரண்டு ஊதாப் பூ. இத்தனை நாள் காலையிலும் கிள்ளிய அத்தனையும்.

“இதெப் போத்தலுக்குள்ள போடுங்க வாப்பா” என்றாள். “அப்ப முடியல்லதானே.”

எனக்கு விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கிவிட்டது. கட்டிலில் எழும்பி உட்கார்ந்தாள். “இவள் சின்னதில உங்களக் கேட்டு அழக்குள்ள, சாமான் முடிஞ்சிட்டு, வாப்பா எடுக்கப் போயிருக்கார் எண்டு சொல்ற நான்” என்றாள். அவள் மட்டுமல்ல, வெளிநாட்டில் ஆளிருக்கிற எங்கள் ஒழுங்கை வீடுகளில் எல்லா உம்மாமாரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறார்கள். வேறென்ன சொல்ல?

டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பிடிக்காமல் கிள்ளுகிறாள் என்று நினைத்து, நான் பாட்டுக்குச் சீனியைக் கூட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

“நான் போகல்ல மகள்” என்றேன். “இனிப் போகவே மாட்டன்.”

அவள் நம்பவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்த்தாள்.

“அப்ப சாமான் முடிஞ்சா ஆரு எடுக்கப் போற?”

“எடுக்கப் போகத் தேவல்ல. இஞ்ச கடையில வாங்கலாம்.”

“பிரான்ஸ் தூளுமா?”

“ஓம். மெயின் வீதியில பெரிய கடையில இருக்கு. சின்னப் போத்தல்.”

“சொக்கலேட்டும்?”

“ஓம்.”

“சவர்க்காரமும், பால்மாவும்?”

“ஓம் மகள், எல்லாம் இருக்கு.”

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அக்கா தணற்சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“எல்லாம் இஞ்சயே இருக்கெண்டா, அப்ப ஏன் வாப்பா போனீங்க?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லப்போகும் பதிலைக் கேட்பதற்காக மகள் முதன்முதலாக எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.