மரத்தடி வகுப்பும் ஒரு பை பேண்டேஜும்

எல்.கே.ஜி. பிள்ளைகளை வெள்ளிக்கிழமைதோறும் தோப்புக்கு அழைத்துப் போகிறேன் என்று நான் சொன்னபோது, எங்கள் ராஜபாளையம் பள்ளியின் தலைமையாசிரியை காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிஜ இலை ஆடிக்கொண்டிருக்க, படத்தைக் காட்டி 'இலை' என்று சொல்லிக் கொடுப்பது எனக்கு அலுத்துப் போயிருந்தது. மாதக்கணக்கில் நச்சரித்ததில், பார்ப்போம் என்று ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது.

"ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புன்னு வந்தாலும் இதோட சரி. பொறவு தோப்புங்கற பேச்சே எடுக்கக் கூடாது," என்றார்.

அன்று காலை, பேண்டேஜ் மில்லில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மகளை வேனில் ஏற்றிவிட்டு, ஒரு பெரிய பையை என் மடியில் வைத்தார். "முள்ளு குத்தும், கல்லு கிழிக்கும். வச்சுக்கோங்க மிஸ். எம்புட்டு வேணும்னாலும் தாரேன்."

பை நிறைய பேண்டேஜ் சுருள்கள். பேண்டேஜ் துணி நெய்யும் எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்கு வராது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையை ஒட்டிய தோப்பு அது. பிள்ளைகள் இலையைக் கசக்கி முகர்ந்தார்கள், எறும்புக்குப் பின்னாலேயே தவழ்ந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் அந்த அம்மாவின் மகள், கிளை வெட்டிய வேப்பமரத்தில் பிசின் வடிவதைப் பார்த்தாள்.

"மிஸ், மரத்துக்கு அடிபட்டிருக்கு. ஏன் யாரும் கட்டுப் போடல?"

பிசினைப் பற்றி நான் தயாரித்து வந்த விளக்கம் வீணாயிற்று. அதற்குள் பையைப் பிரித்துவிட்டார்கள். வேப்பமரத்துக்குக் கட்டு. பக்கத்தில் சிவனே என்று நின்ற மாமரத்துக்கும் கட்டு. மரங்கள் முடிந்ததும், "ஏட்டி, நீ படு. ஒனக்குத் தலையில அடி," என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சத்தமே இல்லையே என்று நான் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தேன். எல்.கே.ஜி. அமைதியாக இருந்தால் நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா!

வேன் ஹாரன் அடித்தபோது பார்த்தால் தலையில் கட்டு, கையில் கட்டு, ஒருவனுக்கு மூக்கில் கட்டு. அவிழ்க்கப் போனால் அழுகை. வேறு வழியில்லாமல் அப்படியே ஏற்றினேன்.

பள்ளி வாசலில் காத்திருந்த அம்மாக்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். "ஐயோ, எம் பிள்ளைக்கு எம்புட்டு ரத்தம் போச்சோ!" என்று முதலில் அலறியது பை கொடுத்த அம்மாதான். விளக்கம் சொல்ல நான் அவசரமாக இறங்கி, படியில் இடறி, கால் நகத்தைப் பெயர்த்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை வந்தார். ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்தார். அடியில் வழவழவென்று நல்ல தோல். நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"மிஸ்ஸுக்கு நிஜ ரத்தம்!" என்று, மரத்துக்குக் கட்டுப் போடச் சொன்ன அந்தச் சிறுமி காட்டிக் கொடுத்தாள்.

போச்சு என்று நினைத்தேன். தலைமையாசிரியை குனிந்து என் காலைப் பார்த்தார்.

"பிள்ளைக்குன்னுதான் சொன்னேன், டீச்சருக்குன்னு சொல்லல. அடுத்த வெள்ளிக்கிழமை ஷூ போட்டுட்டுப் போங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வலியால் என்று நினைத்த சிறுமி, அவிழ்ந்து கிடந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, "அழாதீங்க மிஸ்," என்று முழங்கால் வரை சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். அடிபட்ட விரல் மட்டும் வெளியே இருந்தது.