பதினொன்றேகாலுக்கு நிற்கும் கன்வேயர்

போன வாரம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை. ஒரு சென்சாருக்கு வைத்தியம் பார்க்க!

பத்தி எழுத வருவதற்கு முன் நான் ஃபேக்டரிகளில் மெயின்டனன்ஸ் என்ஜினீயராகக் குப்பை கொட்டியவன். அந்த உறவு இன்னும் விட்டபாடில்லை. வேலூரிலிருந்து ஒரு மேனேஜர் போன் செய்தார். மலைமேல் அவர்களுக்கு ஒரு சாமை அரிசி பேக்கிங் யூனிட். எல்லாமே கம்ப்யூட்டர் கன்ட்ரோல். கன்வேயர் பெல்ட்டில் பாக்கெட் வரும், சென்சார் எண்ணும், பி.எல்.சி. என்கிற பெட்டி மோட்டாருக்கு உத்தரவு போடும். அத்தனையும் வேலூரில் இவருடைய திரையில் தெரியும்.

"தினமும் பதினொண்ணேகாலுக்கு லைன் நின்னுடுது சார். கால் மணி நேரம்! 'சென்சார் ஃபால்ட்'னு காட்டுது. புதுசு மாத்தியும் அதே கதை. நீங்களும் கைவிட்டா, மொத்தத்தையும் கழட்டிக் கீழ கொண்டாந்துடப் போறோம்."

அங்கே வேலை செய்பவர்கள் எட்டுப் பெண்கள். எல்லாரும் மலைக்காரர்கள். கழற்றிவிட்டால் அவர்கள் கதி?

கிளம்பினேன். காலையிலேயே போய் ஒயர், ரிலே, பவர் சப்ளை என்று ஒன்று விடாமல் சோதித்தேன். லேப்டாப்பைச் செருகி புரோகிராமையும் படித்தேன். எல்லாம் தங்கம்.

மணி பதினொன்றேகால். பெல்ட் நின்றது. மலைக்கு வரும் பஸ்கூட இவ்வளவு பங்சுவல் கிடையாது!

குனிந்து பார்த்தேன். சென்சாரின் கண்ணில் ஏதோ அப்பியிருந்தது. விரலால் துடைத்து முகர்ந்தால்... புளி. சாமைத் தூசி எப்போதிலிருந்து புளிக்க ஆரம்பித்தது?

திரும்பினேன். மெஷின் நின்று ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை — எட்டுப் பேர் கையிலும் சூடாக டீ!

"இன்னா சார், சென்சார மோந்து பாக்குறீங்க?" என்று சிரித்தார் வளர்மதி. லைனுக்குப் பொறுப்பு அவர்தான்.

"புளி வாசனை வருதும்மா."

சிரிப்பு நின்றது. வளர்மதி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எட்டு மணிக்கு நாங்க வந்து நின்னா ஒரு மணி வரைக்கும் பெல்ட்டு ஓடிக்கினே கீது சார். ஸ்டாப் பட்டன அமுக்குனா, யாரு அமுக்குனாங்கன்னு வேலூருக்குப் பேரு போய்டுது. சென்சாரு நின்னா யார் பேரும் போவாது. அதான் புளிய தடவிட்டு, டீ குடிச்சதும் தொடைச்சுடுறேன். ஒண்ணுக்குப் போவவாவது நேரம் வேணாமா?"

"மேனேஜர்கிட்ட கேட்டீங்களா?"

"ரெண்டு தபா கேட்டோம். டார்கெட் கொறையும்னுட்டாரு."

லைனையே கீழே கொண்டுபோகப் போகிறார்கள் என்பதைச் சொன்னேன்.

"அய்யய்யோ... அப்டி ஆனா மறுபடியும் திருப்பூருக்குத்தான் போவணும் சார், புள்ளைங்கள வூட்ல வுட்டுட்டு. போட்டுக் குடுத்துடாதீங்க..."

உண்மையைச் சொன்னால் வளர்மதிக்கு வேலை போகும். சொல்லாமல் வந்தால் எட்டுப் பேருக்கும் போகும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் வேலூருக்குப் போன் போட்டேன்.

"சார், கண்டுபிடிச்சுட்டேன். மூணு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து பார்த்தா சென்சார் களைச்சுப் போகுது. கால் மணி நேரம் ரெஸ்ட் கொடுத்தா சரியாயிடும்."

"அவ்ளோதானா? தாராளமா கொடுங்க சார்! காஸ்ட்லி ஐட்டமாச்சே!"

மனுஷி ஓய்வு கேட்டால் டார்கெட் குறையும். மெஷின் கேட்டால் உடனே சாங்ஷன்!

புரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். இனி பதினொன்றேகாலுக்கு பெல்ட் தானாக நிற்கும், கால் மணி கழித்துத் தானாக ஓடும். திரையில் 'சென்சார் ரெஸ்ட் டைம்' என்று பச்சை எழுத்தில் வரும். இனிமேல் புளியைக் குழம்புக்கு மட்டும் பயன்படுத்தும்படி வளர்மதியிடம் கேட்டுக்கொண்டேன். "சத்தியமா சார்" என்று தலையில் அடித்துச் சிரித்தார். எனக்கும் ஒரு டீ கிடைத்தது.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். குரலில் ஒரே குஷி.

"ஒரு ஃபால்ட்கூட இல்ல சார்! லைன் மலையிலேயே இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம். ஒரு டவுட்டு... மத்தியானம் மூணரைக்கும் ஒரு ரெஸ்ட் கொடுத்தா சென்சாருக்கு நல்லதா?"

ரொம்ப நல்லது என்றேன். சென்சாரின் சார்பில் நன்றியும் சொன்னேன்!