நூறு வோல்ட்டுக்கு ஒரு கையெழுத்து

கார்டைக் கழற்றுவதற்கு முன் சன்னாசி குரல் கொடுக்கிறார். "பண்டா அய்யே! கொஞ்சம் உள்ள வந்து நில்லுங்க. பய வென்ட எப்பா, சத்தம் வந்தாலும் வரும்!" பாதி தமிழ், பயப்பட வேண்டாம் என்ற பாதி சிங்களம். கேட் காவலாளி பண்டா வாசலில் வந்து நின்று, தன் கண்ணால் பார்த்தால்தான் சன்னாசியின் கை வேலைக்குப் போகும்.

காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதே அறையில் ஒரு சுவிட்ச் வெடித்த சத்தம் கடுகண்ணாவை மலையிலிருந்து இறங்கி, பேராதனைப் பாலத்தைத் தாண்டி, கண்டி குட்ஷெட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தது. சரி, குட்ஷெட் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. அதற்காக அவர் பதினொரு நாள் பொலிஸ் காவலில் இருந்தாரே, அதில் ஒரு நாள்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மலை உச்சியில் ஒரு தனியார் தொலைபேசிக் கம்பனியின் கோபுரம். அடிவாரத்து அறையில், அலுமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல் மின் கார்டுகள். பழுதான கார்டை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். ஆனால் கரண்டை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பாதி மலைநாட்டுக்குத் தொலைபேசி செத்துவிடும். அதனால் ஒவ்வொரு கார்டுக்கும் காவலாக நகத்தளவில் ஒரு சுவிட்ச்.

அது எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சன்னாசி வைத்திருக்கும் பதில் இதுதான்: "மூணு நாள் பட்டினி கெடந்தவன்கிட்ட கஞ்சிச் சட்டிய அப்பிடியே நீட்டுவீங்களா? ஒரே மடக்கா குடிச்சிட்டு விழுந்துருவான். புதுக் கார்டும் அந்த மாதிரிதான். சுவிச்சுதான் கையப் புடிச்சு, கொஞ்சங் கொஞ்சமா ஊத்தணும்."

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர், வயது நாற்பத்தாறு. கண்டியில் ஒரு அறை, தமிழர் என்பதால் அந்த அறையில் அவர் இருப்பதற்குப் பொலிஸ் பதிவு ஒன்று. பையைத் திறந்தால் முதலில் அடையாள அட்டை, அதன் கீழ் கம்பனி கொடுத்த சிங்களக் கடிதம், அதற்கும் கீழேதான் குறடும் வயரும். சோதனைச் சாவடியில் எந்தக் கை எதை எடுக்கும் என்பதுகூட அவருக்கு ஒழுங்கு. மணிக்கூடு கட்டுவதில்லை. "மணிக்கூடும் வயரும் பேட்டரியும் ஒருத்தன் பையில இருந்தா, அதுக்கு வேற பேருங்க," என்பார். நேரத்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வார். நேரம் பார்ப்பதற்கும் ஒரு மனிதன் இன்னொருவனிடம் கையேந்த வேண்டியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

சுவிட்ச் வெடித்த அன்றைக்கு, கண்டி நகரில் குண்டு வெடித்து மூன்று கிழமைகூட ஆகாத நேரம். கருகிய சுவிட்சைப் பொலித்தீன் பையில் போட்டு முத்திரை வைத்து, "யார் சொல்லி இதை வைத்தாய்?" என்று பதினொரு நாளும் கேட்டார்கள். சுவிட்சை வாங்கிப் போட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு பெட்டி சுவிட்ச் வந்திருக்கிறது. நிலையப் பொறுப்பாளர் நவரட்ணராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், சாமான் ஏற்றுக்கொள்ளும் படிவத்தை மேசையில் வைத்தார். சன்னாசி கையெழுத்திட்டால்தான் சுவிட்சுகள் அலுமாரிக்குள் போகும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைப் பார்த்தவர், அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"அறுபது வோல்ட்டுங்க. வேணாங்க."

"பேட்டரி நாப்பத்தெட்டு, சுவிட்ச் அறுபது. பன்ரெண்டு மிச்சம் கிடக்கு. கணக்கு விளங்கேல்லையோ உமக்கு?"

"சும்மா இருக்கையில நாப்பத்தெட்டு. சார்ச் ஏறுனா அம்பத்தாறு. ஓடுற கரண்ட டக்குனு அறுத்தா கம்பி ஒதைக்கும்ங்க. அந்த ஒதையில எம்பது, தொண்ணூறுக்குக்கூட எகிறும். கண் மூடித் தொறக்கறதுக்குள்ள எறங்கிரும். ஆனா அதுக்குள்ள சுவிச்சு செத்துரும். நூறு தாங்கறதா வரவைங்க."

"கொழும்பில இருந்து வந்த சாமானைத் திருப்ப ஏலாது காணும். கையெழுத்தை வையும்."

"இது வெடிச்சா, கையெழுத்துப் போட்டவனத்தானே தேடுவாங்க?"

"நானும் தமிழன்தான் காணும். எனக்குப் பயமில்லையோ?"

"அப்ப நீங்களே போடுங்க."

நவரட்ணராஜாவின் முகம் சிவந்தது. "அண்டைக்கு நீர் கார்டை இழுத்த இழுவையிலதான் வெடிச்சது. சுவிட்சில பிழை இல்லை."

சன்னாசி மேசையில் ஓங்கித் தட்டினார். அந்த அறையில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. "அன்னைக்கும் இதே அறுபதுதாங்க! டப்புன்னு போச்சு. அந்தச் சத்தத்துக்குத்தானே ஜீப்பு மலையேறி வந்துச்சு? இந்தா நிக்கிறாரு பண்டா, கேளுங்க. கேட்டு வரைக்கும் கேட்டுச்சா இல்லியா?"

வாசலில் நின்ற பண்டா தொப்பியைக் கழற்றினார். தரையைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"இல்ல சன்னாசி. எனக்கு சத்தம் ஒண்ணும் கேக்க இல்ல. நான் கேட்ல தேத்தண்ணி குடிக்கிறது. இந்த மாத்தயாதான், இந்த பெரிய ஐயாதான் வந்து சொன்னது, நான் போலீசுக்கு போன் பண்ணியிருக்கு, கேட்ட தொறந்து வையின்னு. அதுக்குப் பொறகுதான் ஜீப்."

நவரட்ணராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை.

சன்னாசி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, படிவத்தில் அறுபதை அடித்து, பக்கத்தில் நூறு என்று எழுதினார். பேனாவை மூடாமல் கையெழுத்துப் போடும் இடத்தின் மேல் வைத்து, தாளை நவரட்ணராஜாவின் பக்கம் திருப்பினார்.