தலைகீழாகத் தொங்கிய ராஜா

"வெண்கலம். முன்புறம் மன்னர் தலை. பின்புறம் குதிரைமேல் வீரன், 1914, 1918. ரிப்பன் மாட்டும் கொக்கி இல்லை. ஈயத்தால் ஒரு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள், அதுவும் தலைகீழாக. விளிம்பில் பெயர்: தேய்ந்துவிட்டது."

இது சித்திரையில் ஒரு பதக்கத்துக்கு நான் எழுதிய குறிப்பு அட்டை. கடைசி வரியை வைகாசியில் அடித்துவிட்டேன். அடிக்க வைத்தது யார் என்பதுதான் விஷயம்.

எனக்குப் பேய், முனி எதிலும் நம்பிக்கை கிடையாது. நன்னிலத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள். காலாவதித் தேதி பார்த்துப் பார்த்துப் பழகிய கண், எதையும் தேதி இல்லாமல் ஏற்காது. அதே கண்தான் பழைய போர்ப் பதக்கங்களைத் தேடி வாங்கிப் படிக்கவும் வைத்தது. "அடுத்து பீரங்கி வாங்கிக் கடை வாசல்ல நிறுத்து" என்பார் என் கணவர்.

பதக்கத்தைக் கொண்டுவந்தது செல்வராணி, பக்கத்து ஊர்க் கிராம செவிலியர். அந்த ஊரில் முதல் உலகப் போர்க் காலத்துக் கல் ஒன்று வாய்க்கால் கரையில் நிற்கிறது. எத்தனை பேர் போருக்குப் போனார்கள் என்று சொல்லும், யார் என்று சொல்லாது. அதன் பக்கத்தில் பெயர்க்கல் ஒன்று வைக்க ஏற்பாடு. செலவு கோவிந்தராசுவுடையது. பெரிய பண்ணை வீடு, மகன் சிங்கப்பூரில். அவருடைய கொள்ளுத்தாத்தா படையில் சுபேதார் பதவியில் போனவர். செல்வராணியின் தாத்தாவுக்கு அப்பா காத்தானும் கப்பலேறியவர்தான் என்று அவள் பதக்கத்தைக் காட்டியதும் கோவிந்தராசு ஊர்ச் சபையிலேயே சொல்லிவிட்டார், "இது எங்க வீட்டுது. பண்ணையில வேலை பார்த்தவங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"பேரு வெட்டாட்டியும் போவுதுக்கா. திருட்டுக் குடும்பம்னு ஆயிட்டமே" என்றாள் செல்வராணி.

அடுத்த சபையில் நான் போய் அவரிடம் பேசினேன். சுபேதாருக்குக் கிடைத்திருக்கக்கூடியது வெள்ளி. வெண்கலத்தில் அடித்தது 'லேபர்' என்று அழைத்த தொழிலாளர் படையில் மண் வெட்டியவர்களுக்கும் மூட்டை தூக்கியவர்களுக்கும் என்று விளக்கினேன். "ஏம்மா, எங்க வீட்ல வெண்கலமே இருக்கக்கூடாதா?" என்று கேட்டார், கூட்டம் சிரித்தது. "பேரு இருந்தா காட்டுங்க."

பெயர்தான் இல்லையே. செல்வராணி குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைஞாண் கயிற்றில் அதைக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். இடுப்பில் உரசி, பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்து, விளிம்பு வழவழவென்று ஆகிவிட்டது. மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "ஈயத்தைக் காய்ச்சி ஊத்திப் பாழ் பண்ணிட்டீங்களே" என்று செல்வராணியைக் கடிந்துகொள்ளவும் செய்தேன்.

வைகாசியில் ஒருநாள் அந்தப் பழைய கல்லைப் படம் எடுக்கப் போனேன். உச்சி வெயில். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கல்லின் அருகில் நின்று பதக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"என்னம்மா தேடுறீங்க?"

கையில் மண்வெட்டியோடு ஒருவர். அந்த வெயிலில் காக்கிக் கோட்டு. தூர்வார வந்தவர் என்று நினைத்தேன்.

"இதுல பேரு தேஞ்சுபோச்சுங்க."

"எங்க தேயும்? அந்த வளையத்தைக் கழட்டுங்க. அதுக்கடியில பத்திரமா இருக்கு."

எனக்கு எரிச்சல். "தலைகீழா வேற வச்சிருக்காங்க. புத்தியுள்ளவன் செய்வானா?"

அவர் சிரித்தார். "நான்தாம்மா அப்படி வைக்கச் சொன்னேன். பிள்ளை குனிஞ்சு பார்த்தா ராசா நேராத் தெரியணும்ல?"

என் இடுப்பருகே வளையத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு, நுனியைத் தூக்கிப் பார்த்தேன். ஆமாம், ராஜா நிமிர்ந்து நின்றார். அட என்று தலை தூக்கினால் ஆள் இல்லை. நம்பினால் நம்புங்கள், அந்த வாய்க்கால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் நேராக ஓடும், ஒளிய ஒரு புதர் கிடையாது. அப்போதுதான் உறைத்தது, அவர் கால் முழங்கால் வரை நனைந்து சேறாக இருந்தது. அங்கே எச்சில் துப்பிய அளவுக்குக்கூட ஈரம் இல்லை.

நேராகப் பத்தர் கடைக்குப் போனேன். செல்வராணியையும் கோவிந்தராசுவையும் வரச்சொன்னேன். பத்தர் பதமாகச் சூடு காட்டினார், ஈயம் இளகியது, வளையத்தை எடுத்துவிட்டுத் துணியால் ஒரு துடைப்பு. ஈயம் மூடியிருந்ததால் அந்த இடத்தில் மட்டும் எந்த இடுப்பும் உரசவில்லை, எந்தப் புளியும் படவில்லை. நேற்று அடித்ததுபோல ஆங்கிலத்தில் காத்தான் என்று நின்றது. அதையடுத்து 'லேபர்' என்பதன் முதல் மூன்று எழுத்து.

செல்வராணி பத்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை படிங்க." அவர் படித்தார். மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

கோவிந்தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். "நான் சொன்னது தப்பு. அதைச் சபையிலயே சொல்லிடுறேன். கல்லுல எங்க கொள்ளுத்தாத்தாவுக்குப் பக்கத்துலயே வெட்டச் சொல்றேன்."

"பக்கத்துலயா? எழுத்து வரிசைப்படிப் போடுங்க. காத்தான் முன்னாடி வருவாரு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்படியே வெட்டினார்கள். திரை விலக்கிய அன்று அவர்கள் தெருவில் வெடித்த வெடி நன்னிலம் வரை கேட்டது. பத்தர் வளையத்தை மறுபடி பற்றவைத்தார், அதே போலத் தலைகீழாக, ஆனால் பெயரை விட்டுச் சற்றுத் தள்ளி. செல்வராணியின் தங்கை பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு திரிகிறது.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. காத்தான் ஈராக்கின் பாஸ்ராவுக்குப் போனவர் திரும்பவே இல்லை, போர் முடிந்து பதக்கம்தான் தபாலில் வந்தது என்கிறது குடும்பம். அப்படியானால் வாய்க்காலில் நின்றவர் தலைகீழாக வைக்கச் சொன்னது எப்போது, எந்தப் பத்தரிடம்? இறந்தவர் பட்டியல்களில் தேடினேன், பெயர் இல்லை. திரும்பி வந்ததற்கும் பதிவு இல்லை. அட்டையில் அடித்த வரிக்குக் கீழே இப்போது இப்படி இருக்கிறது:

"காத்தான் ஊர் திரும்பினாரா: சரிபார்க்கப்படவில்லை."